வெயிலும் கிருமியும்



மூன்று நாள் அடைமழை பெய்து ஓய்ந்து, நாலாம் நாள் காலையில் வெயில் முகம் காட்டும்போது ஒரு தோட்டத்து லயம் எப்படி இருந்தது என்பது அங்கே வளர்ந்தவர்களுக்கு நினைவிருக்கும். பெரட்டு முடிந்து வேலைக்காரர்கள் காட்டுக்குப் போன பிறகு, வீட்டிலிருக்கும் பாட்டிமார்கள் பாய், தலையணை, கம்பளி எல்லாவற்றையும் வெளியே தூக்கி வருவார்கள். வேலியின் மேல் பாய். கொடிக்கம்பியின் மேல் கம்பளி. துணைக்கு ஒரு கோழி ஏறி உட்கார்ந்து கொள்ளும். "வெயில் காட்டினால் சீக்கு அண்டாது" என்பார்கள். ஏன் என்று கேட்டால் பதில் வராது. அவர்களுடைய தாயார் அப்படிச் செய்தார், அவர்களும் செய்தார்கள், அவ்வளவுதான்.

பாட்டி சொன்னது உண்மையா? உண்மைதான். ஆனால் முழு உண்மையா? அதைத்தான் இன்றைக்கு நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால் இதே வெயிலின் ஒரு பகுதியை விளக்கில் அடைத்து, தண்ணீர் இயந்திரத்திலும் மருத்துவமனைச் சுவரிலும் பொருத்தி விற்கிறார்கள். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் உள்ள நம் வீடுகளுக்கு விற்பனையாளர் வந்து கதவைத் தட்டுகிறார். வாங்கலாமா, வேண்டாமா என்று முடிவு செய்ய, இந்த வெளிச்சம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று நமக்குத் தெரிந்திருப்பது நல்லது.

வெயிலில் கிருமி சாகிறது என்பதை முதன்முதலாகச் சோதித்துக் காட்டியவர்கள் டௌன்ஸ், பிளண்ட் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள். ஆண்டு 1877. கிருமிகள் வளரக்கூடிய ஒரு சர்க்கரைக் கரைசலைச் சின்னச் சின்னக் கண்ணாடிக் குழாய்களில் ஊற்றினார்கள். சில குழாய்களை வெறுமனே வெயிலில் வைத்தார்கள். சிலவற்றை ஈயத் தகட்டால் சுற்றிப் பக்கத்திலேயே வைத்தார்கள். நாட்கள் சென்றன. தகடு சுற்றிய குழாய்களில் கரைசல் கெட்டுப்போய்க் கலங்கியது. வெயில் பட்ட குழாய்களில் தெளிவாகவே இருந்தது. இரண்டும் ஒரே இடத்தில் இருந்தவை என்பதால், சூடுதான் காரணம் என்று தட்டிக் கழிக்க முடியவில்லை. வானவில்லில் நீலமும் ஊதாவும் உள்ள பக்கத்து ஒளிக்கே இந்த ஆற்றல் அதிகம் என்பதையும் அவர்கள் கண்டார்கள். அந்த ஊதாவுக்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் உண்டு என்பது 1801-லேயே ரிட்டர் என்ற ஜெர்மானியர் கண்டு சொன்ன செய்தி. அவற்றைத்தான் புற ஊதாக் கதிர்கள் என்கிறோம்.

அதற்கு ஐந்தாண்டுகள் கழித்து, 1882-ல், ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து அறிவித்தார். 1890-ல் அவரே இன்னொன்றும் சொன்னார்: நேரான வெயில் பட்டால் அந்தக் கிருமி சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் செத்துவிடும், எவ்வளவு நேரம் என்பது கிருமிப் படலத்தின் கனத்தைப் பொறுத்தது என்றார். இந்தக் கடைசிச் சொற்றொடரை நேயர்கள் மனத்தில் வைத்துக் கொள்ள வேண்டும். மெல்லிய படலமாக இருந்தால் நிமிடங்கள் போதும். கனமாக இருந்தால் அடியில் உள்ள கிருமிக்கு மேலே உள்ள கிருமியே குடை பிடித்து விடுகிறது. காய்ந்த பாயின் மேல்புறம் சுத்தமாகிவிடலாம். புரட்டிப் போடாவிட்டால் அடிப்புறம் அப்படியே இருக்கும். பாட்டி நடுப்பகலில் ஒரு தடவை எழுந்து வந்து பாயைப் புரட்டிப் போட்டாரே, அது வீண் வேலையில்லை.

இங்கே கிள்ளானில் நடந்த ஒரு கதையைச் சொல்லாமல் நகர முடியவில்லை. அது மலேரியாவைப் பற்றியது. மலேரியா நாம் பேசும் நுண்கிருமியால் வருவதன்று, கொசு கொண்டுவரும் வேறோர் உயிரியால் வருவது. ஆனாலும் வெயிலை நம்பியவர்களுக்கு நம் பள்ளத்தாக்கு சொல்லிக் கொடுத்த பாடம் அதில் இருக்கிறது. 1901-ல் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் கிள்ளான் மாவட்ட மருத்துவராக வந்தார். அதே ஆண்டில் போர்ட் சுவெட்டன்ஹாம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், திறக்கப்பட்டது. திறந்த சில வாரங்களிலேயே துறைமுகத் தொழிலாளர்கள் காய்ச்சலில் சுருண்டு விழுந்தார்கள். துறைமுகத்தையே மூடிவிடலாமா என்கிற பேச்சு வந்தது. வாட்சன் சதுப்புக் காட்டை வெட்டச் சொன்னார், வடிகால் தோண்டச் சொன்னார். நிழலில் தேங்கிய தண்ணீரில் முட்டையிடும் கொசு, வெயில் விழுந்து தண்ணீர் வடிந்ததும் போய்விட்டது. காய்ச்சலும் வெகுவாகக் குறைந்தது.

வெயிலை விட்டால் நோய் ஓடிவிடும் என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஆனால் ரப்பருக்காக மேட்டு நிலத்துக் காட்டையும் இதே மாதிரி வெட்டியபோது காய்ச்சல் குறையவில்லை, கூடியது! அந்த மலையோரத் தோட்டங்களில் குடியேறிய நம் முன்னோர் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். காரணத்தை வாட்சனே பிறகு கண்டுபிடித்தார். மேட்டு நில ஓடைகளில் வளரும் கொசு வேறு இனம். அதற்கு நிழல் ஆகாது. வெயில் படும் தெளிந்த ஓடைதான் அதற்குத் தொட்டில். காட்டை வெட்டி ஓடைக்கு வெயில் காட்டியவர்கள், தெரியாமலே அந்தக் கொசுவுக்கு வீடு கட்டிக் கொடுத்திருந்தார்கள். பிறகு ஓடைகளைக் குழாய் வைத்து மண்ணுக்கடியில் மூடியும், எண்ணெய் தெளித்தும் அதைச் சமாளிக்க வேண்டியிருந்தது. வெயில் நல்லது என்று பொதுவாகச் சொல்வது எளிது. எந்த உயிருக்கு, எந்த இடத்தில் என்று கேட்டுத்தான் சொல்ல வேண்டும்.

இனி வெயிலை விளக்கில் அடைத்த கதைக்கு வருவோம். டென்மார்க்கில் நீல்ஸ் பின்சென் என்றொரு மருத்துவர் இருந்தார். தாமே தீராத நோயாளி. வெயிலில் இருக்கும்போது தம் உடம்பு சற்றுத் தேறுவதாக அவருக்குப் பட்டது. அதிலிருந்து ஒளியைப் பற்றிய ஆராய்ச்சியில் இறங்கினார். முகத்தைத் தின்னும் ஒருவகைத் தோல் காசநோய் அக்காலத்து ஐரோப்பாவில் பரவலாக இருந்தது. மூக்கும் உதடும் சிதைந்த நிலையில் மனிதர்கள் வெளியே தலைகாட்ட முடியாமல் வாழ்ந்தார்கள். பின்சென் கார்பன் வில் விளக்கின் கடும் ஒளியை, படிகக் கண்ணாடி வில்லைகள் வழியே, தண்ணீரால் குளிரவைத்து அந்தப் புண்களின் மேல் பாய்ச்சினார். புண்கள் ஆறின. 1896-ல் கோப்பன்ஹேகனில் அவர் பெயரால் ஒரு நிலையம் ஏற்பட்டது. 1903-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மறு ஆண்டே, 43 வயதில், இறந்துபோனார்.

தோலின் மேலுள்ள காசநோய்க்கு ஒளி படுகிறது, ஆறுகிறது. நெஞ்சுக்குள் இருக்கும் காசநோய்க்கு? அங்கேதான் ஐரோப்பா ஒரு பெரிய நம்பிக்கையை வளர்த்தது. நோயாளியை ஊரைவிட்டு வெளியே, மலைச்சாரலில், திறந்த வராந்தாவில் படுக்க வைத்து, காற்றும் வெயிலும் நல்ல சாப்பாடும் கொடுத்தால் குணமாகும் என்பது அந்த நம்பிக்கை. அத்தகைய இடங்களைச் சானடோரியம் என்றார்கள். இந்தக் கதையில் நாம் பெருமையோடு நினைக்க வேண்டிய ஒரு தமிழர் வருகிறார். அவர் டாக்டர் டேவிட் சவுரிமுத்து. இங்கிலாந்தில், மென்டிப் மலைப் பகுதியில், காசநோயாளிகளுக்கான ஒரு சானடோரியத்தை இவர் நடத்தினார். கணித மேதை ராமானுஜன் இங்கிலாந்தில் உடல் நலிந்து, காசநோய் என்று கருதப்பட்டபோது, 1917-ல் கொஞ்ச காலம் இவருடைய பராமரிப்பில்தான் இருந்தார். வெள்ளைக்காரர் நாட்டில் வெள்ளைக்கார நோயாளிகளுக்கு ஒரு தமிழர் மருத்துவமனை வைத்து நடத்தினார் என்பது அந்தக் காலத்தில் சாதாரணச் செய்தி அன்று.

பிறகு அவர் தாயகம் திரும்பி, சென்னைக்கு அருகே தாம்பரத்தில், பச்சைமலை அடிவாரத்தில், 1928-ல் ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். ஊரை ஒட்டியும் ஒட்டாமலும் இருந்த திறந்த வெளி. காற்றும் வெளிச்சமும் தாராளமாக வரும் இடம். பின்னர் அரசு அதை ஏற்று நடத்தியது. மருத்துவமனையின் பெயரே அங்குள்ள ரயில் நிலையத்துக்கும் வந்துவிட்டது. தாம்பரம் சானடோரியம் என்ற பலகையை அந்த வழியாகப் போனவர்கள் பார்த்திருக்கலாம்.

இங்கே கோலாலம்பூரிலும் அதே நோய் அதே அச்சத்தோடு இருந்தது. 1950-களில் செராஸில் லேடி டெம்ப்ளர் மருத்துவமனை காசநோயாளிகளுக்கென்றே கட்டப்பட்டது. லயங்களில் யாருக்காவது இருமலில் இரத்தம் வந்தால் அக்கம்பக்கத்தார் பேச்சைக் குறைத்துக் கொள்வார்கள். வீட்டுக்காரர்களோ நோயாளியைக் கடைசி அறையில், கதவைச் சாத்தி, ஜன்னலுக்குச் சாக்குப் படுதா கட்டி ஒளித்து வைப்பார்கள். ஊருக்குத் தெரிந்தால் பெண் எடுக்க, பெண் கொடுக்க யார் வருவார்கள் என்ற கவலை. நோயாளிக்குக் காற்றில்லை, கிருமிக்கு வெயிலில்லை. ஒளித்து வைத்த அறையிலிருந்துதான் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நோய் தொற்றியது. நம் உறவிலேயே அப்படி ஒரு வீட்டை நாம் பார்த்திருக்கிறோம்.

ஆனால் சானடோரியத்தில் படுக்க வைப்பதுதான் சிகிச்சையா? 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் ஏற்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்தியது. வாலஸ் பாக்ஸ் என்ற மருத்துவர் பொறுப்பேற்றிருந்தார். 193 ஏழை நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்து, ஒரு பாதியினரைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மறு பாதியினரை அவரவர் வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். எல்லோருக்கும் ஒரே மருந்து, ஓராண்டுக்கு. சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்று, வெளிச்சம். வீட்டிலோ நெருக்கடியான குடிசை, அரை வயிற்றுச் சாப்பாடு, பலருக்கு வேலைக்கும் போக வேண்டிய நிலை. 1959-ல் முடிவு வெளியானபோது மருத்துவ உலகம் வியந்தது. இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமாகியிருந்தார்கள். வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. மருந்து உள்ளே போகத் தொடங்கியதும் நோயாளி பரப்பும் கிருமி விரைவில் குறைந்துவிடுகிறது என்பது பின்னால் தெளிவாயிற்று.

சவுரிமுத்துவின் உழைப்பு வீண் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மருந்தே இல்லாத காலத்தில் அவர் நோயாளிகளைச் சாகவிடாமல் காப்பாற்றப் போராடினார். ஆனால் அவர் ஊரான சென்னையே, வெயில் நெஞ்சுக்குள் எட்டாது என்பதை உலகத்துக்குச் சொல்லிவிட்டது. நுரையீரலுக்குள் இருக்கும் கிருமிக்கு மருந்துதான் வழி. நம் நாட்டில் 1961-ல் தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியபோது அது மருந்தையும் தடுப்பூசியையும் நம்பித்தான் தொடங்கியது. மலேசியாவில் இன்றும் ஆண்டுக்கு 20,000-க்கு மேற்பட்டவர்களுக்குக் காசநோய் காணப்படுகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் விடாத இருமல் இருந்தால் அரசு சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சளியைக் காட்ட வேண்டும். மருந்தை ஆறு மாதமாவது நடுவில் நிறுத்தாமல் சாப்பிட வேண்டும். வராந்தாவில் வெயில் காய்ந்தால் சரியாகிவிடும் என்று காத்திருப்பவர்கள் இன்றும் உண்டு. அவர்களுக்காகத்தான் இதை அழுத்திச் சொல்கிறோம்.

சரி, நெஞ்சுக்குள் எட்டாத வெளிச்சம் காற்றில் மிதக்கும் கிருமிக்கு எட்டுமா? இருமும்போது தெறிக்கும் துளிகளில் பெரியவை கீழே விழுந்துவிடும். மிகச் சிறியவை காய்ந்து தூசியைவிட நுட்பமாகி, அறைக்குள் மணிக்கணக்கில் மிதக்கும் என்பதை அமெரிக்காவில் வில்லியம் வெல்ஸ் 1934-ல் எடுத்துரைத்தார். மறு ஆண்டிலேயே, புற ஊதா விளக்கு அந்த மிதக்கும் கிருமியைச் செயலிழக்கச் செய்யும் என்றும் காட்டினார். அவருடைய மாணவர் ரிச்சர்ட் ரைலி, 1950-களின் பிற்பகுதியில், பால்டிமோர் நகர மருத்துவமனை ஒன்றில் செய்த சோதனை இன்னும் பேசப்படுகிறது. காசநோயாளிகள் இருந்த ஆறு அறைகளின் காற்றைக் குழாய் வழியே மாடியில் உள்ள ஒரு கூண்டுக்கு அனுப்பினார்கள். கூண்டில் கினிப்பன்றிகள். நோயாளியை ஒருமுறைகூடப் பார்க்காத அந்தப் பிராணிகளுக்குக் காசநோய் தொற்றியது. பிறகு இன்னொரு கூண்டுக்குப் போகும் காற்றை வழியிலேயே புற ஊதா விளக்கு வெளிச்சத்தில் நனைத்து அனுப்பினார்கள். அந்தக் கூண்டில் ஒன்றுக்கும் தொற்றவில்லை.

இந்தக் கதிர் கிருமியை எப்படி வெல்கிறது? ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் தன்னைப் போல இன்னொன்றை உண்டாக்கும் விவரம் எழுதிய நூலிழை ஒன்று இருக்கிறது. புற ஊதாக் கதிர் அந்த இழையில் அடுத்தடுத்து உள்ள இரண்டு கண்ணிகளை ஒன்றோடொன்று ஒட்ட வைத்துவிடுகிறது. சட்டையின் ஜிப் நடுவில் சிக்கிக் கொண்டால் எப்படி மேலும் போகாது, கீழும் வராதோ, அது போல. கிருமி அந்த நொடியிலேயே சாக வேண்டும் என்பதில்லை, அது மலடாகிவிடுகிறது. பெருக முடியாத கிருமியால் நோயை உண்டாக்க முடியாது. இந்த வேலையை மிகத் திறமையாகச் செய்வது ஏறத்தாழ 265 நானோமீட்டர் அலைநீளமுள்ள கதிர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறுதான் ஒரு நானோமீட்டர். பாதரச ஆவி விளக்கு 254 நானோமீட்டரில் ஒளிர்கிறது. ஆகவே அது கிருமிக்கு நேர் எதிரி. ஆனால் வானத்து ஓசோன் படலம் அந்தக் கதிரை வடிகட்டிவிடுவதால் வெயிலில் அது நம்மை வந்து சேர்வதில்லை. சேர்ந்தால் நமக்கே ஆகாது. வெயிலில் நமக்குக் கிடைப்பது அதைவிட மென்மையான புற ஊதாக் கதிர்கள். விளக்கு நொடிகளில் செய்வதை வெயில் மணிக்கணக்கில் செய்கிறது. சாதாரண ஜன்னல் கண்ணாடி அதிலும் வலுவான பங்கைத் தடுத்து நிறுத்திவிடும். மூடிய கண்ணாடிக்குப் பின்னால் பாயைப் போட்டு வெயில் காட்டிவிட்டேன் என்று சொல்ல முடியாது.

இத்தகைய விளக்கை அறையில் மாட்டுவதானால் ஆள் உயரத்துக்கு மேலே, கதிர் கண்ணில் படாதபடி மறைப்பு வைத்து, கூரைப் பக்கத்துக் காற்றை மட்டும் நனைக்கும்படி மாட்டுவார்கள். நேராகப் பார்த்தால் கண் வெந்துவிடும். வெல்டிங் பட்டறையில் கண்ணாடி போடாமல் நின்றுவிட்டு இரவு முழுக்கக் கண்ணில் மணல் கொட்டியது போலத் துடித்தவர்களைக் கேட்டால் தெரியும். கொரோனாத் தொற்றுக் காலத்தில் கையில் பிடித்து வீசும் சின்ன விளக்குகள் கடைகளில் வந்தன. அவற்றைக் குழந்தைகள் கையில் கொடுக்கவே கூடாது.

இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. தென் அமெரிக்காவின் லிமா நகரில் எட்டு மருத்துவமனைகளை ஆராய்ந்தவர்கள் 2007-ல் வெளியிட்ட செய்தி இது. உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னல்களும் உள்ள பழைய கட்டடங்களில் ஜன்னலைத் திறந்துவைத்தால், இயந்திரத்தால் காற்றோட்டம் கொடுக்கும் நவீன அறைகளைவிடக் காற்று நன்றாக மாறியது. காசநோய் தொற்றும் ஆபத்தும் குறைவு. தோட்டத்து ஆயாக்கொட்டகை நினைவிருக்கிறதா? இடுப்பளவு சுவர், மேலே திறந்த பக்கங்கள், நாலு பக்கமும் காற்று. செலவைக் குறைக்கக் கட்டியதோ என்னவோ, அங்கே தூங்கிய குழந்தைகளுக்குக் காற்றுக்குப் பஞ்சமில்லை. இன்று அடுக்குமாடி வீட்டில் குளிர்சாதனம் போட்டு ஜன்னலை இறுக மூடிப் படுக்கிறோம்.

தண்ணீருக்கு வருவோம். 1910-ல் பிரான்சில் மார்சேல் நகரம் புற ஊதா விளக்கால் குடிநீரைச் சுத்தம் செய்து பார்த்தது. விளக்குகள் அடிக்கடி பழுதாயின, விரைவில் கைவிட்டார்கள். அதற்குள் 1908-ல் அமெரிக்காவின் ஜெர்சி நகரம் குளோரின் கலக்கத் தொடங்கியிருந்தது. அது மலிவு, அதோடு குழாயில் போகிற வழியெல்லாம் கூடவே போய்க் காவல் காக்கும். உலகம் அந்தப் பக்கம் திரும்பியது. கிள்ளான் பள்ளத்தாக்கில் நம் குழாய்த் தண்ணீரில் சிற்சில நாட்களில் மணக்கிறதே, அது அந்தக் காவற்காரன்தான்.

புற ஊதா விளக்கு தண்ணீருக்குத் திரும்பி வந்ததில் நம் சென்னைக்கும் ஒரு பங்கு இருக்கிறது, துயரமான பங்கு. 1992-ன் பிற்பகுதியில் சென்னையில் ஒரு புதுவகைக் காலரா தலைகாட்டியது. பழைய காலராவுக்கு உடம்பில் ஏற்பட்டிருந்த எதிர்ப்பு அதற்குச் செல்லவில்லை. ஆகவே பெரியவர்களும் கூட்டமாக விழுந்தார்கள். அங்கிருந்து வங்காளத்துக்குப் பரவிப் பேரளவில் உயிர்களைப் பறித்தது. அந்தச் செய்தியைக் கேட்டு வருந்தியவர்களில் அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த அசோக் கட்கில் என்ற இந்திய இயற்பியலாளரும் ஒருவர். ஏழைக் கிராமத்துக்கு ஏற்ற சாதனம் ஒன்றை அவர் வடிவமைத்தார். பழைய சாதனங்களில் விளக்கு தண்ணீருக்குள் முழுகியிருக்கும். நாளடைவில் அதன்மேல் பாசியும் உப்பும் படிந்து வெளிச்சத்தை மறைத்துவிடும். கட்கில் விளக்கைத் தண்ணீருக்கு மேலே தொங்கவிட்டு, கீழே தட்டில் தண்ணீரை மெல்லிய படலமாக ஓடவிட்டார். ஏறத்தாழ ஒரு குழல் விளக்கு எடுக்கும் மின்சாரத்தில் நிமிடத்துக்கு 15 லிட்டர் தண்ணீர் கிருமி நீங்கி வெளியே வந்தது. எளிமையான யோசனைதான். ஆனால் படலம் மெல்லியதாக இருக்க வேண்டும் என்று காக் சொன்னதும் இதுவும் ஒன்றுதானே!

மின்சாரமே இல்லாத இடத்துக்கும் ஒரு வழி உண்டு. பேரூட்டில் அப்டிம் அக்ரா என்ற அறிஞரும் அவர் குழுவினரும் 1980-ல் வெளியிட்ட யோசனையைப் பின்னர் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் வளர்த்தெடுத்தார்கள். லேபிளை உரித்த, நிறமில்லாத, இரண்டு லிட்டருக்கு மேற்படாத பிளாஸ்டிக் பாட்டிலில் தெளிந்த தண்ணீரை நிரப்பி, தகரக் கூரையின் மேல் படுக்க வைக்க வேண்டும். நல்ல வெயிலானால் ஆறு மணி நேரம். பாதிக்கு மேல் மேகமானால் இரண்டு நாள். மழை நாளில் இது ஆகாது. தண்ணீர் கலங்கலாக இருந்தால் துணியில் வடிகட்டித் தெளியவைத்த பிறகுதான். நம் ஊரில் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் மழை கொட்டுவதால், காலை எட்டு மணிக்குள் பாட்டிலைக் கூரையில் ஏற்றிவிட வேண்டும். வெள்ளத்தில் குழாய் நின்றுபோய், அடுப்பெரிக்க விறகும் இல்லாத நாளுக்கு இது தெரிந்திருக்கலாம். மற்ற நாட்களில் கொதிக்க வைப்பதற்கு இணை எதுவும் இல்லை.

இப்போது அந்த விற்பனையாளர் கதவுக்கு வருவோம். கிள்ளானில் நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில், தண்ணீர் இயந்திரத்தைத் தவணையில் வாங்கி மாட்டினார்கள். நாலு ஆண்டாக அந்தக் கண்ணாடிச் சன்னலில் நீல வெளிச்சம் எரிந்து கொண்டிருந்தது. வீட்டம்மா அதைப் பார்த்து நிம்மதியாகத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். உள்ளே விளக்கை மாற்ற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அத்தகைய விளக்குகளில் பெரும்பாலானவை 9,000 மணி நேரம், அதாவது ஓராண்டு வரைதான் சரியாக வேலை செய்யும். பிறகும் நீலமாக எரியும். ஆனால் கிருமியைத் தாக்கும் கதிர் குறைந்துவிட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியும் நீலம் வேறு, வேலை செய்யும் கதிர் வேறு. அந்தக் கதிர் நமக்குத் தெரியவே தெரியாது.

ஆகவே வாங்குகிறவர்கள் சில கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும். விளக்கை எப்போது மாற்ற வேண்டும், மாற்றும் செலவு எத்தனை வெள்ளி, விளக்குக்கு முன்னால் கலங்கலை நீக்கும் வடிகட்டி இருக்கிறதா, அதை யார் வந்து மாற்றுவார்கள்? கலங்கல் உள்ள தண்ணீரில் ஒவ்வொரு மண் துகளும் ஒரு கிருமிக்கு நிழற்குடை. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். குளோரின் தண்ணீரோடு தங்கும். புற ஊதா வெளிச்சம் தங்காது. விளக்கைத் தாண்டிய தண்ணீரை அழுக்குக் குடத்தில் பிடித்தால் குடத்திலுள்ள கிருமி அதில் குடியேறிவிடும். ஈயம், பூச்சிமருந்து, உப்பு போன்றவற்றை இந்த விளக்கு ஒன்றும் செய்யாது. மூலை முடுக்குத் தோட்டங்களில் கிணற்றையோ ஆற்றையோ நம்பியிருக்கும் வீடுகளில், பக்கத்தில் செம்பனைக்கு மருந்தடித்த நாட்களில், கொதிக்க வைத்தாலும் போகாத நஞ்சு அது. அந்தத் தண்ணீரைப் பற்றித் தோட்ட நிர்வாகத்திடமும் சுகாதார அலுவலகத்திடமும் தொழிற்சங்கம் வழியாக எழுதிக் கேட்க வேண்டும். அதற்கு எந்த விளக்கும் மாற்று ஆகாது.

அந்த வீட்டம்மாவுக்கு விளக்கை மாற்றித் தரச் சொல்லி நாம்தான் கடிதம் எழுதிக் கொடுத்தோம். ஆள் வந்து மாற்றிப் போகும்வரை அவர் பழையபடி அடுப்பில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, மூடி போட்ட எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி வைத்தார். தலையணைகளையும் மாடிக் கைப்பிடிச் சுவரில் காயப் போட்டிருந்தார். நாம் புறப்படும்போது அவற்றைப் புரட்டிக் கொண்டிருந்தார்.